பத்து இருபது, ஆற்றங்கரை

அந்தச் சித்திரை விடுமுறையில் திருகோணமலையில் இருந்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். சோதனைச்சாவடிகளில் மண்மூட்டைகள் மட்டும் இருந்தன, ஆட்கள் இல்லை. இந்தியப் படை கப்பலேறிப் போய்ச் சில வாரங்களே ஆகியிருந்தன. அடுத்த சண்டை தொடங்கவில்லை. தொடங்கப்போகிறது என்று யாரும் நம்மிடம் சொல்லவும் இல்லை. மூட்டைகளின் தையல் பிரிந்து மணல் வழிந்த இடங்களில் புல் முளைத்திருந்தது. பாலையூற்றில் எங்கள் ஒழுங்கை முகப்பிலிருந்த காவலரணுக்குள் ஓர் ஆடு இரண்டு குட்டிகள் போட்டிருந்தது. நாங்கள் மூன்று பேர் தினமும் போய் அவற்றைப் பார்த்துவிட்டு வருவோம்.

மூன்று பேர் என்பது நான், அடுத்த வளவில் இருந்த என் தோழி, தபாலதிபரின் மகள். ஒரே வகுப்பு. எனக்கும் தோழிக்கும் பன்னிரண்டு முடிந்து சில மாதங்கள். தபாலதிபரின் மகள் எங்களைவிட நாலு மாதம் மூத்தவள். அதை ஒரு பதவி போல வைத்திருந்தாள்.

என்னிடம் ஒரு மணிக்கூடு இருந்தது. சவூதியில் வேலை செய்த பெரியப்பா அனுப்பிய கறுப்பு டிஜிட்டல் மணிக்கூடு. பக்கத்துப் பித்தானை அழுத்தினால் பச்சை வெளிச்சம் வரும். அந்த விடுமுறை முழுவதும் கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் நேரம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பின்னாளில் பத்திரிகையில் சேர்ந்தபோது, எந்தச் சம்பவத்தையும் நேரம், இடம், கண்டவர் என்று பிரித்து எழுதச் சொல்லித் தந்தார்கள். எனக்கு அது புதிதாக இருக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஏழேகாலுக்குத் தோழியின் வீட்டு வாசலில் ஒரு வெள்ளை வான் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் அவளுடைய தாய்மாமா. கராஜ் வைத்திருந்தார். நாங்களும் அவரை மாமா என்றே கூப்பிடுவோம். நகத்துக்குள் இருந்த கிறீஸ் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாது. கலியாணத்துக்குப் போனாலும் அந்தக் கறுப்போடுதான் போவார்.

"அக்கா! இந்த வானை நாளைக்கு உரிய ஆளிட்டக் குடுக்கோணும். இண்டைக்கு ஒருக்கா ஓடிப் பாக்கோணும். பிள்ளையளை ஏத்திக்கொண்டு போறன்," என்று இறங்காமலே சொன்னார்.

"எங்க?" தோழியின் அம்மா குசினி வாசலில் இருந்து கேட்டார்.

"வான் நிக்கிற இடம் வரைக்கும்."

"நடுவழியில நிண்டா?"

"தள்ளுறதுக்குத்தானே மூண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போறன்."

தோழியின் அம்மா பாணையும் சம்பலையும் வாழையிலையில் சுற்றித் தந்தார். பொழுதுபட முன்னர் வந்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவருடைய நிபந்தனை. தோழிக்கும் ஒரு நிபந்தனை இருந்தது.

"மாமா, கடலுக்குப் போவமோ?"

"கடைசியாய் உப்புவெளி. குளிச்சு முடிச்சு வீடு. சரியோ?"

கடல் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் ஓடும் தூரம்தான். ஆனால் மூன்று வருடமாக அவள் கடலில் கால் வைக்கவில்லை. ஒரு காலம் கரையில் காவல், இன்னொரு காலம் சுற்றிவளைப்பு, மற்ற நாட்களில் அப்பாவின் பயம். துறைமுகத்துத் தண்ணீரைப் பஸ் யன்னலால் பார்ப்போம். அது எண்ணெய் படிந்த, அலையில்லாத தண்ணீர். அதைக் கடல் என்று அவள் ஒத்துக்கொள்வதில்லை.

அன்று அவள் மஞ்சள் சட்டை போட்டிருந்தாள். கழுத்தில் வெள்ளைப் பட்டி வைத்துத் தைத்தது.

சீனக்குடாவைத் தாண்டி, மா ஆலையின் வாசனையைத் தாண்டி, கிண்ணியாத் துறைக்குப் போனோம். அப்போது பாலம் இல்லை. வாகனங்களை ஏற்றிக் கடத்தும் தட்டையான மிதவைக்கு அங்கே பாதை என்று பெயர். எங்கள் வானோடு இரண்டு மாட்டுவண்டிகளும் ஒரு மீன் லொறியும் ஏறின. மாமா எல்லாரோடும் கதைத்தார். அக்கரை போய், இன்னொரு சிறிய பாதையும் ஏறி இறங்கி, கங்கைக் கரைக்கு வந்தோம். மகாவலி கடலுக்குக் கிட்ட வரும் இடத்தை அந்தப் பக்கத்தார் கங்கை என்றுதான் சொல்வார்கள். மண்ணிறத் தண்ணீர், அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

துறையில் தோப்பூர் விவசாயி ஒருவர் உழவு இயந்திரப் பெட்டி நிறைய, தமிழ்நாட்டில் தர்ப்பூசணி என்கிற வத்தகப்பழம் வைத்துக்கொண்டு பாதைக்குக் காத்திருந்தார். மாமா அவருடைய இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, அதன் வருத்தம் என்ன என்று சொல்லத் தொடங்கினார். எங்களைப் பார்த்து, "மரத்துக்கு அங்கால போய்க் குளியுங்கோ. முழங்காலுக்கு மேல இறங்கக்கூடாது," என்றார்.

மருத மரங்களுக்குப் பின்னால் வைத்துத்தான் தோழி என் கையைப் பிடித்தாள்.

"எடி, இஞ்ச வா. எனக்கு என்னவோ செய்யுது."

தபாலதிபரின் மகள் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பயப்பிடாத. பெரியபிள்ளையாயிட்டாய். எனக்குத் தை மாசம்."

"உனக்கோ? எங்களுக்குச் சொல்லேல்லையே!"

"எங்கட வீட்டில ஆருக்கும் சொல்லேல்லை. அம்மா கேக் அடிச்சவ. அவ்வளவுதான்."

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பத்து இருபது. வாய்விட்டும் சொன்னேன்.

"இதுக்கு ஏன் நேரம்?" என்று தபாலதிபரின் மகள் கேட்டாள். அவர்கள் வேதக்காரர். சாத்திரம் பார்ப்பதில்லை.

"சாத்திரியார் கேப்பார்," என்றேன். எங்கள் வீடுகளில் அதற்கென்று ஒரு சாதகம் எழுதுவார்கள். பிள்ளை பெரியபிள்ளையான நேரம், இடம், உடுத்திருந்த சட்டையின் நிறம் எல்லாம் கேட்பார்கள். அந்த நேரம் தாய்மாமனுக்கு ஆகுமா, ஆகாதா என்றும் பார்ப்பார்கள். பிறகு ஒரு நல்ல நாள் குறித்துச் சடங்கு. தலையில் முதல் தண்ணீர் வார்ப்பவர் தாய்மாமன். அதுவரைக்கும் அவள் ஓர் அறைக்குள். ஆண்களின் கண்ணில் படக்கூடாது. அவர்களில் மாமாவும் அடக்கம்.

அந்த மாமா முப்பது யார் தூரத்தில் நின்று உழவு இயந்திரத்துக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இப்ப சொன்னா மாமா வானைத் திருப்பிப்போடுவார், என்ன?" தோழி கேட்டாள்.

"ஓம்."

"பிறகு என்னை விடமாட்டினம்."

எங்கள் ஒழுங்கையில் இதற்கு முன் பெரியபிள்ளையானவர்களைப் பார்த்திருக்கிறோம். சைக்கிள் தம்பிக்குப் போய்விடும். கடலைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார்கள்.

"எனக்குக் கடலுக்குப் போகோணும்," என்றாள். அழவில்லை. கடையில் சாமான் கேட்பது போலச் சொன்னாள். "பின்னேரம் வீட்டை போய்ச் சொல்லுவம். வீட்டை போன பிறகு வந்த மாதிரி."

"அது பொய் நேரமாகுமேடி."

"மணிக்கூடு உன்ர கையிலதானே கிடக்கு. நீ சொல்லுறதுதான் நேரம்."

தபாலதிபரின் மகள் தன் துவாயைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். குளித்துவிட்டு மாற்றுவதற்கென்று கொண்டுவந்த தன் கருநீலப் பாவாடையையும் சட்டையையும் அவளுக்குக் கொடுத்தாள். மஞ்சள் சட்டையை நானும் அவளும் ஆற்றில் அலசினோம். கரைச் சேறு அதன் விளிம்புத் தையலுக்குள் புகுந்துகொண்டது. எவ்வளவு அலசியும் முழுதாகப் போகவில்லை.

திரும்பும் வழியில் அந்தச் சட்டையை வான் யன்னலில் கட்டிக் காயவிட்டோம். காற்றில் அது படபடவென்று அடித்தது.

"கொடி பிடிச்சுக்கொண்டு போறம்," என்றார் மாமா. "எந்தக் கட்சி எண்டு மறிச்சுக் கேட்டா என்ன சொல்லுறது?"

"வத்தகப்பழக் கட்சி," என்றாள் தோழி. அவள் மாமாவின் நேர் பின்னால் இருந்தாள். கண்ணாடியில் அவருக்கு அவள் முகம் தெரியாத இடம் அதுதான். நாள் முழுக்க அந்த இடத்தை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

மத்தியானம் பன்னிரண்டு ஐம்பதுக்குப் பாலையூற்றைக் கடந்தோம். எங்கள் ஒழுங்கை தெரிந்தது. காவலரண் வாசலில் ஆடு படுத்திருந்தது. மாமா வானின் வேகத்தைக் குறைத்து, தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"பிள்ளை, முகம் வாடிக் கிடக்கு. வீட்டில இறக்கிவிடட்டோ?"

ஒரு சொல் போதும். தபாலதிபரின் மகள் சிலுவை போட்டதைக் கண்டேன்.

"இல்லை மாமா. கொஞ்சம் தலையிடி. கடல்."

"முதல் மலை, பிறகு கடல்," என்று மாமா அனுராதபுர வீதியில் வானைத் திருப்பினார்.

கன்னியாவில் மலைகளுக்கு நடுவே ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். பக்கத்துப் பக்கத்தில் சதுரமாகக் கட்டியவை. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சூடு. அருகில் பிள்ளையார் கோயில். அந்த நிலையில் அங்கே போகக்கூடாது என்று தோழிக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வானை விட்டு இறங்க மறுத்துவிட்டாள். ஒவ்வொரு கிணறாகக் கை வைத்துப் பார்த்து, வானுக்கு ஓடிப்போய் யன்னலால் அவளுக்குச் சொல்வது என் வேலையானது.

"முதலாவது பால் குடிக்கிற சூடு. ரெண்டாவது அதைவிடக் கூட. மூண்டாவது கை வைக்க ஏலாது, கொதிக்குது."

அவள் கண்ணை மூடிக் கேட்டாள். ஏழு தரம் ஓடினேன். என் தொழில் அங்கேதான் தொடங்கியது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த மாமா, வானுக்குத் தண்ணீர் விடும் வாளியை எடுத்துப்போய் ஏழு கிணற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக் கலந்து கொண்டுவந்தார்.

"தலையிடிக்கு இது நல்ல மருந்து. தலையை வெளியால நீட்டு பிள்ளை."

அவள் எங்களைப் பார்த்தாள். பிறகு வான் கதவைத் திறந்து, காலைக் கீழே போட்டபடி இருந்து, தலையைக் குனிந்தாள். மாமா கிறீஸ் படிந்த கையால் அவளுடைய நெற்றியை மறைத்துப் பிடித்து, தண்ணீர் கண்ணுக்குள் போகாமல், மெதுவாக ஊற்றினார். தலைமுடியிலிருந்து ஆவி எழுந்தது. மலையில் குரங்குகள் சத்தமிட்டன. "சுகமோ?" என்று கேட்டார். "சுகம் மாமா," என்றாள்.

மூன்று பதினைந்துக்கு உப்புவெளி. கரையில் முட்கம்பி கட்டியிருந்த கட்டைகள் மட்டும் நின்றன. கம்பியை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். நாங்கள் இருவரும் கத்திக்கொண்டு ஓடினோம். அவள் ஓடவில்லை. நடந்துபோய், முதல் அலை காலை நனைத்த இடத்தில் நின்றாள். அலை திரும்பும்போது காலடி மண் கரைந்து போவதைக் குனிந்து பார்த்தாள். பிறகு முழங்கால் வரைக்கும் போனாள். கருநீலப் பாவாடை தண்ணீரில் குடை போல விரிந்தது. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பதினொரு நிமிடம் அப்படியே நின்றாள். மாமா கரையில் இருந்து, தோப்பூர்க்காரர் தந்த வத்தகப்பழத்தை வெட்டினார்.

ஆறு மணிக்கு வீடு. தோழி நேரே கிணற்றடிக்குப் போனாள். ஆறு பத்துக்கு அம்மாவைக் கூப்பிட்டாள். ஓடி வந்த அவளுடைய அம்மாவிடம் நான் மணிக்கூட்டை நீட்டி, "ஆறு பத்து, அன்ரி," என்றேன். என் வாழ்க்கையில் நான் கொடுத்த முதல் பிழையான செய்தி அது.

அயல் வீட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள். ஒரு குரவை ஒலி. மாமா வாசலுக்கு வெளியே தள்ளி நிறுத்தப்பட்டார். "காலமை சின்னப்பிள்ளையாய் ஏத்திக்கொண்டு போனனான்," என்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு நடுவில் உடைந்தது.

நான் படியில் இருந்தேன். தோழியின் அம்மா வேலிப் படலையடிக்கு வந்தார். கையில் அந்த மஞ்சள் சட்டை. அதன் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே தம்பியிடம் கதைத்தார்.

"பிள்ளையள் எங்க குளிச்சதுகள்?"

"கங்கையடியில."

"எத்தனை மணிக்கு?"

"பத்து மணி போல. ஏன் அக்கா?"

"சும்மா கேட்டனான். பிறகு?"

"கன்னியாவுக்குப் போனம். இவள் இறங்கேல்லை. தலையிடி எண்டாள். ஏழு கிணத்துத் தண்ணியையும் கலந்து தலையில ஊத்திவிட்டனான். சுகம் வந்திட்டுது."

தோழியின் அம்மா படலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நல்ல காரியம் செய்தாய், தம்பி," என்றார்.

தலையிடிக்குச் செய்த மருந்தைத்தான் சொல்கிறார் என்று நான் விளங்கிக்கொண்டேன். பயணம் எப்படி இருந்தது என்று அக்கறையாகக் கேட்கிறாரே என்றும் நினைத்தேன்.

சாத்திரியார் வந்து போனார். நல்ல சாதகம் என்றார்கள். பெரிய சடங்கை உடனே செய்யாமல் ஆனியில் வைக்கலாம் என்று தோழியின் அப்பா முடிவெடுத்தார். மட்டக்களப்பிலிருந்து சொந்தக்காரர் வரவேண்டும். "பாதையெல்லாம் திறந்து கிடக்கு. ஆனிக்கு எல்லாரும் ஆறுதலாய் வரலாம்," என்றார். பெரியவர்கள் எல்லாரும் அதை ஆமோதித்தார்கள். மாமா கொழும்புக்குப் போய் அவளுக்கு ஒரு சீலை வாங்கி வந்தார். அரக்கு நிறம், தங்கக் கரை. நானே தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

வைகாசி முடியுமுன் சண்டை தொடங்கிவிட்டது. மாமா கராஜைப் பூட்டிவிட்டு வருகிறேன் என்று சைக்கிளில் போனார். வரவில்லை. அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. இன்றுவரை தெரியாது. சீலை அலுமாரிக்குள் இருந்தது. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து பார்த்தபோது அலுமாரியும் இல்லை.

தோழியின் குடும்பம் மன்னார்ப் பக்கம் போய்ப் படகேறியது. தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து அவள் எனக்கு ஒரு கடிதம் எழுதினாள். கடிதம் தொலைந்துவிட்டது. ஒரு வரி தொலையவில்லை: "நாங்கள் சொன்ன பொய் நேரம் மாமாவிலதான் பட்டது." எனக்கு அப்போது வயது பதின்மூன்று. அதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. பதில் எழுதினேன். ஆட்டுக்குட்டிகளைப் பற்றி எழுதினேன்.

அதன் பிறகு நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. அவள் வேறொரு நாட்டுக்குப் போனாள், கலியாணம் செய்தாள், பிள்ளைகள் வளர்ந்தார்கள். தொலைபேசியில் எல்லாம் கதைப்போம். மாமாவின் பேச்சு வந்தால் அவள் பிள்ளைகளைக் கூப்பிடப் போய்விடுவாள்.

போன வருடம் அவளுடைய அம்மா அங்கே காலமானார். சாம்பலில் கொஞ்சத்தை இங்கே கரைப்பதற்காக அவள் வந்தாள். காரியங்கள் முடிந்த மறுநாள், எங்காவது போவோம் என்றாள். எங்கே என்று யாரும் முடிவெடுக்கவில்லை. தபாலதிபரின் மகள் இப்போது ஆசிரியை, சொந்தக் கார் வைத்திருக்கிறாள். கார் தானாகக் கன்னியாப் பக்கம் திரும்பியது. இப்போது அங்கே நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். மரத்தடியில் கிடந்த நீள வாங்கில் மூவரும் உட்கார்ந்திருந்தோம்.

"அம்மாவின்ர கைப்பைக்குள்ள கிடந்தது," என்று தோழி ஒரு தாளை எடுத்தாள். நாலாக மடித்த கொப்பித் தாள். மூலைகளில் மஞ்சள் பூசிய கறை. "எனக்கு வாசிக்கப் பயமாக் கிடக்கு. நீ வாசி."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். சாத்திரியாரின் சாய்ந்த எழுத்து. பெயர், நட்சத்திரம். அதன் கீழே:

"சனிக்கிழமை. முற்பகல் பத்து மணி போல். இடம் ஆற்றங்கரை. வஸ்திரம் மஞ்சள்."

நான் இரண்டாம் முறை வாசித்தேன். தபாலதிபரின் மகள் தாளைப் பறித்துப் பார்த்தாள்.

"முற்பகலோ?"

"அவவுக்குத் தெரியும்," என்றேன். படலையடியில் கேட்ட கேள்விகளையும், சட்டையின் விளிம்பில் இருந்த சேற்றைத் தடவிய விரலையும் அவர்களுக்குச் சொன்னேன். அந்தச் சேறு கடல் மண் அல்ல.

"அப்ப நாங்கள் அவவை ஏமாத்தேல்லை," என்றாள் தபாலதிபரின் மகள். "அவதான் எங்களை ஏமாத்திப்போட்டா."

"மிச்சத்தை வாசி," என்றாள் தோழி. "மாமாவுக்கு என்ன போட்டிருக்கு?"

அந்த வரி தாளின் நடுவில் இருந்தது. "மாமனுக்குக் குறையில்லை."

முப்பத்தைந்து வருடம் அவள் சுமந்தது, சாத்திரியாரிடம் ஒருபோதும் போய்ச்சேராத ஒரு பொய்யை. அவளுடைய அம்மா ஒரு சொல் சொல்லியிருக்கலாம். பிள்ளைகள் வென்றதாகவே நினைக்கட்டும் என்று முதலில் விட்டிருப்பார். தம்பி காணாமல் போன பிறகு, அந்த வரி இருந்த தாளை வெளியே எடுக்க அவரால் முடிந்திருக்காது. மகள் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியாது. நாங்கள் யாரும் சொல்லவில்லை. நானாவது சொல்லியிருக்கலாம்.

தாளின் அடியில் வேறொரு கையெழுத்து இருந்தது. நீல மை, உருண்டையான எழுத்து. தோழியின் அம்மாவுடையது. அதை நான் உரத்து வாசிக்கவில்லை, விரலால் காட்டினேன்.

"முதல் தண்ணீர் வார்த்தது என் தம்பி. கன்னியாவில். அன்றைக்கே."

தோழி அந்த எழுத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். தண்ணீர் கண்ணுக்குள் போகாமல் நெற்றியை மறைப்பது போல இருந்தது அது.

கொஞ்சம் பொறுத்து, "பத்து மணி போல எண்டு கிடக்கு. சரியா எத்தனை மணியடி?" என்றாள்.

"பத்து இருபது."

என் பேனாவை வாங்கி, "போல்" என்பதை வெட்டிவிட்டு, மேலே "இருபது" என்று எழுதினாள். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கிணறுகளை நோக்கி நடந்தாள். அன்று அவள் இறங்காத இடம் அது. முதலாவதில் கை வைத்தாள், இரண்டாவதில் வைத்தாள். மூன்றாவதில் கையை விட்டு அப்படியே வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"கொதிக்குது, கை வைக்க ஏலாது எண்டு சொன்னனீ. ஒண்டுமில்லை. சும்மா இளஞ்சூடு."

நான் மறுக்கவில்லை.